ஓங்கோல் குன்றும் குண்ட்லகம்மா ஆறும்

நம் ஜனங்களின் ஜெபத்தைப் பற்றி ரெண்டு தரப்பு பேசுது. ஒன்று, மேடைத் தோழர்கள். ‘உங்க ஆளுங்க முட்டி தேய ஜெபம் பண்ணட்டும், நிலம் அப்படியே ஆண்டை கையில கிடக்கட்டும்’ என்று கிண்டல் பண்ணுவார்கள். இன்னொன்று, சபைப் பெரியவர்கள். ‘விடாம ஜெபம் பண்ணுங்க, ஆண்டவர் தம்ம நேரத்துல செய்வார், அதுவரைக்கும் பொறுமையா இருங்க’ என்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் கண்டாலே ஆகாத இந்த ரெண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறது. ஜெபம் என்றால் காத்துக்கிடப்பது. ஒருவர் அதை ஏமாளித்தனம் என்கிறார், மற்றவர் விசுவாசம் என்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சேரிக்காரர்களின் ஜெபம் காத்துக்கிடந்த ஜெபம்தானா? இதற்கு வேதாந்தமோ இறையியலோ பதில் சொல்ல வேண்டாம். வரலாறு சொல்லட்டும். அதற்காகத்தான் அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கு ஓரத்துக்கு, நெல்லூர் ஜில்லாவில் அப்போது இருந்த ஓங்கோலுக்கு, உங்களைக் கூப்பிடுகிறேன். அங்கே நடந்தது மாதிகர்களின் கதை. தோல் பதனிட்டு, செருப்பு தைத்து, கவலை இறைக்கத் தோல்சால் செய்துகொடுத்து, ஊர்த் திருவிழாவுக்கு டப்பு அடித்த ஜனங்கள். டப்பு என்பது நம்ம தப்புதான். இங்கே நம் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் பலருக்கும் அவர்கள் சொந்த ஜனம்.

முதலில் மிஷனரி புத்தகங்கள் சொல்லும் கதையைக் கேட்போம். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் டே 1836-இல் தெலுங்கு நாட்டுக்கு வந்தார். 1840-இல் நெல்லூரில் மிஷன் அமைந்தது. வருஷங்கள் போயின. பணம் செலவானதுதான் மிச்சம், சேர்ந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘இந்த மிஷனை மூடிவிடலாம்’ என்ற பேச்சு அமெரிக்காவில் திரும்பத் திரும்ப எழுந்தது. 1853-இல் ஆல்பனி நகரத்தில் கூடிய கூட்டத்திலும் அதே பேச்சு. வரைபடத்தில் நெல்லூர் ஒரே ஒரு புள்ளியாகத் தனியே நிற்கிறதைக் காட்டி, ‘ஒற்றை நட்சத்திரம்’ என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட சாமுவேல் ஸ்மித் என்ற கவிஞர் அன்று இரவே அந்தத் தலைப்பில் ஒரு பாட்டு எழுதிவிட்டார். பாட்டைக் கேட்டு மனம் இளகி மிஷனை மூடாமல் விட்டார்கள். அதிலிருந்து அதற்குப் பெயரே ‘லோன் ஸ்டார் மிஷன்’.

அந்தச் செய்தியெல்லாம் கடல் தாண்டி வந்து சேரும் காலத்தில், 1854 ஜனவரி 1 விடியற்காலையில், ஓங்கோலை ஒட்டிய ஒரு குன்றின்மேல் ஐந்து பேர் ஏறினார்கள். லைமன் ஜூவெட் என்ற மிஷனரி, அவர் மனைவி, கூட மூன்று தெலுங்குக் கிறிஸ்தவர்கள். சூரியன் உதிக்கிற நேரத்தில் முழங்கால் போட்டு, ‘இந்த ஊருக்கு ஒரு ஊழியனை அனுப்பும்’ என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1866 செப்டம்பரில், ஜான் கிளஃப் ஓங்கோலில் வந்து குடியேறினார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரமாயிரம் பேர் சேர்ந்தார்கள். அந்தக் குன்றுக்கு ‘ஜெபக் கூட்டக் குன்று’ என்று பெயர் வைத்து, விடாத ஜெபத்துக்கும் விசுவாசத்துக்கும் உலகம் பூராவும் அதை உதாரணமாகச் சொன்னார்கள்.

கதை நல்ல கதைதான். பொய் என்றும் சொல்லவில்லை. ஆனால் இதில் வேண்டிக்கொள்கிறவர்கள் குன்றின்மேல் இருக்கிறார்கள், யாருக்காக வேண்டுகிறார்களோ அவர்கள் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். மேலே இருப்பவர் கேட்கிறார், கீழே இருப்பவர் கிடைக்கிறார். மாதிகர் இதில் ஜெபிக்கிறவர் இல்லை, ஜெபத்துக்குக் கிடைத்த பலன். மகசூல் மாதிரி. குன்றில் இருந்த ஐந்து பேரிலும் ரெண்டு தெலுங்குப் பெண்கள் இருந்தார்கள். ஜூலியா, ரூத். நர்சு என்கிற தெலுங்கு ஊழியர் ஒருவரும் இருந்தார். இந்த மூன்று பேரும் அந்த விடிகாலையில் என்ன கேட்டார்கள், எந்த வார்த்தையில் கேட்டார்கள் என்பதற்குப் புத்தகங்களில் இடம் கொஞ்சம்தான். துரை ஜெபித்தார், கூட இவர்களும் இருந்தார்கள் என்ற அளவோடு கதை நகர்ந்துவிடுகிறது.

இப்போது குன்றை விட்டுக் கீழே இறங்குவோம்.

ஓங்கோலிலிருந்து மேற்கே நாற்பது மைல்போல தள்ளி தாள்ளகொண்டபாடு என்று ஒரு ஊர். அங்கே எர்ரகுண்ட்ல பேரய்யா என்று ஒரு மாதிகர். தோல் வியாபாரம் செய்தவர். மிஷன் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவர் தேட ஆரம்பித்துவிட்டார். மாதிகர் வழிபாட்டில் ஊறிய வீட்டிலிருந்து கிளம்பி, குரு தேடிப் போனவர். ராஜயோகம் கற்றுக்கொடுத்த ஒரு பெண் குருவிடம் பாடம் கேட்டு, உட்கார்ந்து தியானம் பண்ணிப் பழகியவர். அவரைச் சுற்றிச் சீடர்களும் இருந்தார்கள். பூணூல் போட்டவனுக்கு மட்டும்தான் ஞானம் என்று சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்த தேசத்தில், செருப்பு தைக்கிற ஒரு ஆள் மூச்சை அடக்கி உட்கார்ந்து ‘நீ யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை விடாப்பிடியான வேண்டுதல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

தோல் வியாபாரத்துக்காக வடக்கே போன இடத்தில் ஒரு மிஷனரியின் பேச்சு அவர் காதில் விழுந்தது. ‘நான் தேடினது இதுதான்’ என்று பட்டிருக்கிறது. அதன்பிறகு துரை தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தானே விசாரித்து, தானே நடந்து, மனைவி நாகம்மாவோடு வந்து 1866-இல் ஞானஸ்நானம் வாங்கினார். கிளஃப் ஓங்கோலில் வந்து குடியேறுமுன்பே இது நடந்துவிட்டது. 1867 ஜனவரியில் கிளஃபைத் தன் ஊருக்குக் கூப்பிட்டவரும் பேரய்யாதான். புளியந்தோப்பில் அஞ்சு நாள் கூட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்களில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த மாதம் 1-ஆம் தேதிதான் ஓங்கோல் சபையை எட்டே எட்டு உறுப்பினர்களோடு தொடங்கியிருந்தார்கள். எட்டுப் பேர் சபைக்கு ஒரே வாரத்தில் 28 பேரைத் தயார்படுத்தி வைத்திருந்தது எந்தக் குன்று? பேரய்யாவின் வீட்டுத் திண்ணைதான்.

இதில் சிக்கல் வந்தது. ஓங்கோலில் பிராமணர்களும் மற்ற மேல்சாதிக்காரர்களும் கேட்டுக்கொண்டதன்பேரில் கிளஃப் அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். மாதிகர்கள் சபைக்குள் வந்ததும் அவர்கள் ஒரே போடாகப் போட்டார்கள்: இந்த ஆட்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம். கிளஃப் அப்போது என்ன பண்ணுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறார். மேல்சாதியை முதலில் பிடித்தால் மற்றவர் தானே பின்னால் வருவார்கள் என்பது அந்தக் காலத்து மிஷன்கள் பலவற்றின் கணக்கு. கணவனும் மனைவியும் வேறு வேறு அறையில் உட்கார்ந்து பைபிளைத் திறந்தபோது, ரெண்டு பேர் கண்ணிலும் பட்டது ஒரே பகுதி, ஒன்று கொரிந்தியர் முதல் அதிகாரம் என்று அவர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். உலகம் இழிவாக நினைப்பவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று பேசும் பகுதி. முடிவு மாதிகர் பக்கம் ஆனது. இதை தெய்வச் செயல் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் இப்படி வாசிக்கிறேன்: பைபிள் திறக்குமுன்பே 28 பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற நிற்பில்தான் அந்த வசனத்துக்கு அர்த்தம் வந்தது.

சேர்ந்த மாதிகர்களுக்கு கிளஃப் மூன்று கட்டளை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. செத்த மாட்டின் கறியைத் தின்னாதே. சிலையைக் கும்பிடாதே. கேட்பதற்கு மதப் போதனை மாதிரிதான் இருக்கிறது. மாதிகவாடாவில் நின்று பாருங்கள், அப்போதுதான் விளங்கும்.

ஊரார் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவந்து செய்ய வேண்டியது வெட்டி வேலை. அதற்கு நாள் கிழமை கிடையாது. ‘ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், ஜெபத்துக்குப் போகணும்’ என்று ஒருவன் சொன்னால், ஏழு நாளில் ஒரு நாள் என்னுடையது என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக அவனுடைய ஒரு மணி நேரம்கூட அவனுடையதாக இருந்ததில்லை. செத்த மாட்டைத் தின்னமாட்டேன் என்றால், உன் தொழுவத்தில் செத்ததை எனக்குக் கூலியாகத் தள்ளிவிடாதே என்று அர்த்தம். சிலையைக் கும்பிடமாட்டேன் என்றால், உன் அம்மன் திருவிழாவில் வந்து டப்பு அடிக்கமாட்டேன் என்று அர்த்தம். இழவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக நம் ஊர்களில் எத்தனை குடிசை எரிந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

ஆக, ஊர் சும்மா இருக்குமா? கர்ணமும் ரெட்டியும் சேர்ந்துகொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, வேலை கொடுக்கவில்லை, பொய்க் கேஸ் போட்டார்கள், அடித்தார்கள். அடி வாங்கினவர்கள் மறுபடி ராத்திரியில் கூடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், வசனங்களை வாயாலேயே மனப்பாடம் செய்தார்கள். மறு ஞாயிறு மறுபடி வேலைக்குப் போகவில்லை. ‘விடாத ஜெபம்’ என்று சபைப் பெரியவர்கள் சொல்வது இதுதான் என்றால் எனக்குச் சம்மதம். அங்கே ஜெபம் என்பது வாரத்துக்கு ஒரு தடவை நடந்த வேலைநிறுத்தம். சங்கம் என்ற சொல்லே காதில் விழாத காலத்தில் கூலிக்காரர்கள் நடத்திய நிறுத்தம்.

இதில் கிளஃபைப் புரட்சிக்காரராக்கவும் வேண்டாம். அவர் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊர்க்கட்டு உடைய வேண்டும் என்று அவர் கிளம்பி வரவும் இல்லை. ஆனால் மூன்று ‘மாட்டேன்’ சொல்லப் பழகின வாய் நாலாவது ‘மாட்டேன்’ சொல்லாமல் இருக்காது. அது அவர் கையில் இல்லை.

அடுத்து வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். 1876-இலிருந்து 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் ஓடுகிற தேசத்தில், ரயிலில் தானியம் போய்க்கொண்டிருந்த காலத்தில் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் குறைத்தார். எடை போட்டுப் பட்டினி போட்ட சர்க்கார் அது.

அந்த நேரத்தில் பக்கிங்காம் கால்வாயை நிவாரண வேலையாக வெட்டினார்கள். சென்னைவாசிகளுக்குச் சாக்கடையாக மட்டும் தெரிகிற அதே கால்வாய்தான். அதன் வடக்குப் பகுதியில் ஏறக்குறைய மூன்றரை மைல் தூரத்தை கிளஃப் காண்ட்ராக்ட் எடுத்தார். ஊழியத்துக்கு வருமுன் அமெரிக்காவில் நில அளவை வேலை பார்த்தவர், அதனால் அளவும் மட்டமும் தெரியும். மாதிகப் பிரசங்கிகளை மேஸ்திரிகளாகப் போட்டார். மண்வெட்டியும் கூடையுமாகப் பட்டினிக் கூட்டம் வந்தது. இளைப்பாறும் நேரத்தில் மேஸ்திரிகள், உழைத்துச் சோர்ந்தவர்களைக் கூப்பிடுகிற வசனத்தைச் சொன்னார்கள். தலையில் மண் சுமக்கிறவனுக்குச் சுமை என்ற சொல்லுக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

கேட்டவர்கள் ‘எங்களுக்கும் ஞானஸ்நானம் கொடுங்க’ என்றார்கள். கிளஃப் மறுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. பஞ்சம் தணிந்து நிவாரணப் பணமும் தீர்ந்தபிறகு, 1878 ஜூனில், தன் ஊழியர்களை மட்டும் குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் உள்ள வெல்லம்பள்ளிக்கு வரச் சொன்னார். உதவி கேட்டு வேறு யாரும் வர வேண்டாம் என்று எழுதியும் அனுப்பினார். வந்தது ஊழியர்கள் மட்டுமல்ல, பெருங்கூட்டம். ‘எங்களுக்குக் காசு வேண்டாம், ஞானஸ்நானம் கொடுங்க’ என்றார்கள். அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

1878 ஜூலை 3. ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் மூழ்கி எழுந்தார்கள். தெலுங்குப் பிரசங்கிகள் ஆறு பேர், ரெண்டு ரெண்டு பேராக முறை மாற்றிக்கொண்டு ஆற்றில் நின்று கொடுத்தார்கள். கிளஃப் தண்ணீரில் இறங்கவில்லை, கரையில்தான் இருந்தார். அந்த வருஷ முடிவுக்குள் 9,606 பேர் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ‘அரிசிக் கிறிஸ்தவன்’ என்று நம்மைத் திட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வெல்லம்பள்ளியில் நடந்தது அதற்கு நேர் எதிர். அரிசி இருந்தவரைக்கும் கதவு மூடியிருந்தது. அரிசி தீர்ந்தபிறகு ஜனங்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அப்படியே சோற்றுக்காகப் போயிருந்தாலும் அதில் கேவலம் என்ன என்பது வேறு கேள்வி. பட்டினி போட்டவனுக்கு இல்லாத வெட்கம் பசித்தவனுக்கு எதற்கு? ஆனால் நடந்தது அது இல்லை. காத்திருந்தது மிஷனரி. விடாமல் கேட்டது மாதிகர். குன்றுக் கதை இங்கே தலைகீழாகிவிடுகிறது. குன்றின்மேல் கடவுளிடம் மிஷனரி கேட்டார், ஆற்றங்கரையில் மிஷனரியிடம் மாதிகர் கேட்டார்கள். பைபிளில் கதவைத் தட்டுகிறவன் யார், உள்ளே இருக்கிறவன் யார் என்று நாம்தான் புதிதாக வாசிக்க வேண்டும்.

லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். ஊரில் ஒரு நீதிபதி, கடவுளுக்கும் பயப்படமாட்டான், மனுசனையும் மதிக்கமாட்டான். அவனிடம் அவள் போய்ப் போய் நியாயம் கேட்கிறாள். தொல்லை தாங்காமல் அவன் தீர்ப்புச் சொல்கிறான். பிரசங்கங்களில் இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லியே கேட்டிருக்கிறேன். அந்த விதவையிடம் பொறுமை எங்கே இருக்கிறது? பொறுமை இல்லாததால்தான் ஜெயித்தாள். அவள் வீட்டில் முழங்கால் போட்டு இருக்கவில்லை, கோர்ட்டு வாசலில் நின்றாள். நம் கோர்ட்டுகளில் போடும் மனுவின் கடைசியில், ‘ஆகவே இன்ன பரிகாரம் வேண்டும்’ என்று கேட்கும் பகுதிக்கு வக்கீல்கள் இன்றும் ‘பிரேயர்’ என்றுதான் சொல்வார்கள். தமிழில் எழுதினால் ‘பிரார்த்திக்கிறேன்’ என்று முடிப்பார்கள். ஜெபத்துக்கும் மனுவுக்கும் ஒரே பெயர். நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் மனுப் போடுவதில்லை. நீதிபதி நல்லவன் என்பதால் வருவதில்லை அந்த நம்பிக்கை. ‘என் பக்கம் நியாயம் இருக்கு’ என்பதால் வருவது.

அதே ஓங்கோல் மண்ணுக்குத் திரும்புவோம். அது பிற்பாடு பிரகாசம் மாவட்டமானது. அதில் அப்போது இருந்த காரம்சேடு கிராமத்தில், 1985 ஜூலையில், மாதிகர்கள் குடிதண்ணீர் எடுக்கும் குளத்தை மேல்சாதி இளைஞர்கள் அசுத்தப்படுத்தினார்கள். தட்டிக்கேட்டபோது கைநீட்டினார்கள். அடிக்க வந்தவனுக்கு எதிராகத் தன் தண்ணீர்க்குடத்தைத் தூக்கினார் சுவார்த்தம்மா என்கிற பெண். தெலுங்கில் சுவார்த்த என்றால் சுவிசேஷம். மறுநாள், ஜூலை 17 அன்று, நிலக்கிழார்கள் கூட்டமாக வந்து விழுந்தார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் சிதைக்கப்பட்டார்கள். பிழைத்தவர்கள் சீராலாவுக்கு ஓடி அங்கே முகாம் போட்டுப் போராடினார்கள். அந்தப் போராட்டத்திலிருந்துதான் ஆந்திர தலித் மகாசபை பிறந்தது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் 1998-இல் விடுதலை செய்தது, உச்சநீதிமன்றம் 2008 டிசம்பரில் மறுபடி தண்டித்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள். இருபத்து மூன்று வருஷம் போய்ப் போய் நின்றார்கள். லூக்காவின் விதவைக்கு எத்தனை வருஷம் ஆனது என்று பைபிள் சொல்லவில்லை. காரம்சேட்டுக்கு இத்தனை வருஷம் என்று நமக்குத் தெரியும்.

அதே மாவட்டத்தின் ஈதுமுடி கிராமத்தில்தான் 1994-இல் மாதிக தண்டோரா இயக்கம் தொடங்கியது. தண்டோரா என்றால் டப்பு அடித்து அறிவிப்பது. ஊருக்காக அடிக்கமாட்டேன் என்று அன்று கீழே வைத்த டப்பை, உள்ஒதுக்கீடு கேட்டுத் தனக்காக எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் அடித்தபிறகு, 2024 ஆகஸ்டில், உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

ஆனால் குண்ட்லகம்மாவில் மூழ்கி எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கணக்கில் எங்கே? 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஆந்திராவில் கிறிஸ்தவரான மாதிகர், பிற்படுத்தப்பட்டோரில் ‘சி’ பிரிவு என்ற பெயரில் ஒரு சதவீதத்துக்குள் ஒடுக்கப்பட்டார். 2004-இல் உச்சநீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல், மதத்தைக் காரணம் காட்டி மறுப்பதை எடுத்துவிடச் சொன்னது. 2022-இல் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். காரம்சேட்டில் வெட்ட வந்தவன், நீ எந்த மதம் என்று சான்றிதழ் கேட்டா வெட்டினான்?

சபைக்குள்ளும் நிலைமை சுத்தம் என்று சொல்லமாட்டேன். மாலா ஒரு சபை, மாதிகர் ஒரு சபை என்று பிரிந்ததும் உண்டு. மிஷன் நிலத்துக்கும் நிறுவனத்துக்கும் அடித்துக்கொள்கிற பெரியவர்கள் நம் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. ஜெபத்தைக் காத்துக்கிடப்பதாகச் சுருக்கினால் லாபம் யாருக்கு என்று கேட்டால் அவர்கள் முகம்தான் கண்முன் வருகிறது.

தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணுவாள். வாய்விட்டு, பேர் பேராகச் சொல்லி, இன்னின்னது வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்பாள். கொடுக்காவிட்டால் ஆண்டவரோடு சண்டையும் போடுவாள். பகலில் அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை. தன் பேச்சு கேட்கப்படத் தகுந்தது என்று அவளுக்குப் பழக்கிக்கொடுத்தது அந்த நாலு மணிதான். கூலி உயர்வு கேட்டுப் பெண்கள் நிலத்தில் இறங்காமல் நின்ற அன்றைக்கு, முன்னால் நின்று பேசியதும் அவள்தான். அபின் தின்றவள் அப்படி நிற்கமாட்டாள்.

இந்தப் பத்திரிகை வாசிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். மிஷன் ஆவணங்களில் துரைமார் ஜெபித்த தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, குன்றின் பெயர் இருக்கிறது. ஜூலியா என்ன கேட்டாள், நாகம்மா என்ன கேட்டாள் என்பது இல்லை. நம் சேரிகளில் எழுபது எண்பது வயசுக் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து, ‘ஆயா, நீ என்னா கேட்டு ஜெபம் பண்ணின? கிடைச்சுதா? கிடைக்காதப்ப என்ன பண்ணின?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கிடைக்காதப்போ அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் வரலாறு இருக்கிறது.